தனிப்பட்ட காணொளி திறக்கவில்லை: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்தல்

மருதமுனையில் கைத்தறிப் புடவை நெய்விக்கும் பெரியவர் ஒருவர், தமது புதிய கரை வடிவங்களைக் கொழும்பிலுள்ள இரண்டு கொள்வனவாளர்களுக்கு மட்டும் காட்டுவதற்காக நான்கு நிமிடக் காணொளி ஒன்றைக் கூகுள் டிரைவில் ஏற்றியிருந்தார். இருவரில் ஒருவருக்கு அது திறக்கவில்லை. “மனே, துறக்குதில்லயாம். எல்லாருக்கும் துறந்து விடட்டா?” என்று பெரியவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அனுமதிப் பட்டியலைப் பார்த்தேன். அவர் அனுமதி கொடுத்திருந்தது கொள்வனவாளரின் சொந்த ஜிமெயிலுக்கு. அந்த மனிதர் திறக்க முயன்றதோ அலுவலக மின்னஞ்சல் கணக்கிலிருந்து. அலுவலக முகவரியையும் பட்டியலில் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. அவர் கேட்டபடி எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தால், புடவை தறியிலிருந்து இறங்கும் முன்பே அதன் வடிவம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கல்வி நிலையங்கள், கலியாண ஸ்டூடியோக்கள், அரிசி ஆலைகள், விடுதிகள் ஆகியவற்றுக்குக் காணொளி ஏற்றிக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். திறப்பு பிழைத்தால் பூட்டையே கழற்றி எறிவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் காணும் தவறு. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் எந்தப் பூட்டு மறுக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் திருத்துவது எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சேவையைப் பாவித்தாலும் பூட்டுகள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது ஆள்: குறித்த கணக்கில் உள்நுழைந்தவர் மட்டும் பார்க்கலாம். இரண்டாவது இரகசியம்: இணைப்போ கடவுச்சொல்லோ கையில் உள்ளவர் பார்க்கலாம். மூன்றாவது இடம்: உங்கள் இணையத்தளத்துக்குள் இருந்தால் மட்டும் காணொளி ஓடும். நான்காவது நேரம்: குறித்த நாழிகை கடந்தால் இணைப்பு செத்துவிடும். பெரும்பாலான வணிகக் காணொளிகளில் இவற்றுள் இரண்டு அல்லது மூன்று ஒன்றாகப் போடப்பட்டிருக்கும். ஒன்று மறுத்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவது “திறக்கவில்லை” என்ற ஒரே சொல்தான்.

முறைப்பாடு வந்தவுடன் அமைப்புகளைத் தொடாதீர்கள். எந்தக் கருவி, எந்தச் செயலிக்குள்ளிருந்து இணைப்பை அழுத்தினார், திரையில் உள்ள வாசகம் என்ன என்பவற்றைக் கேட்டு, முடிந்தால் திரைப்பிடிப்பு ஒன்றையும் வாங்குங்கள். பிறகு அதே இணைப்பை உலாவியின் இன்கொக்னிட்டோ சாளரத்தில் (எந்தக் கணக்கிலும் உள்நுழையாத சாளரம் அது), வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். நீங்கள் உரிமையாளர் கணக்கில் உள்நுழைந்திருக்கும் உலாவியில் எல்லாமே ஓடும் என்பதால், அந்தச் சோதனையால் எதுவும் தெரியவராது.

“அனுமதி கோருக” என்று கேட்கிறது. அல்லது இது தனிப்பட்ட காணொளி என்று மறுக்கிறது

இது ஆள் பூட்டு. சேவைக்கு வந்தவர் யார் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தவர் பட்டியலில் இல்லை. ஒரே கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் வைத்திருப்பது எங்கள் ஊரில் சாதாரணம். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பிள்ளை திறந்து கொடுத்தது இன்னொன்று. இணைப்பை அழுத்தும்போது பெரும்பாலும் முதலாவதாக உள்ள கணக்கில்தான் அது திறக்கும். மறுப்புத் திரையில் எந்த மின்னஞ்சல் முகவரி காட்டப்படுகிறது என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அது நீங்கள் அனுமதித்த முகவரிதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

முகவரி சரியாக இருந்தும் உள்நுழையவே முடியவில்லை என்றால், அவர் இணைப்பை எங்கிருந்து அழுத்தினார் என்பதைக் கேளுங்கள். பேஸ்புக், மெசெஞ்சர் போன்ற செயலிகள் இணைப்பைத் தமக்குள்ளேயே இருக்கும் சிறிய உலாவியில் திறக்கின்றன. அங்கே அவருடைய கூகுள் கணக்கு உள்நுழைந்திருக்காது. புதிதாக உள்நுழைய முயன்றாலும், பாதுகாப்புக் காரணத்தால் அத்தகைய உட்பொதிந்த உலாவிகளுக்குள் கணக்கு உள்நுழைவைக் கூகுள் மறுக்கிறது. மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, க்ரோமிலோ சஃபாரியிலோ திறக்கச் சொன்னால் போதும்.

அனுமதி கோரும் மின்னஞ்சல் உங்களுக்கு வரும்போது, அவசரத்தில் “அனுமதி” என்ற பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அந்த முகவரி உண்மையிலேயே அவருடையதா என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

யூடியூபில் ‘தனிப்பட்டது’ என்று வைத்த காணொளியை இணையத்தளத்தில் பதிக்க முடியாது. நீங்கள் அழைத்த கூகுள் கணக்குகளுக்கு மட்டுமே அது யூடியூபுக்குள் திறக்கும். பதித்த இடத்தில் வெறுமை தெரிந்ததும் பலர் அதை ‘பட்டியலிடாதது’ என்று மாற்றிவிடுகிறார்கள். பட்டியலிடாதது என்றால் தேடலில் வராது என்பது மட்டுமே பொருள். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம், எவருக்கும் அனுப்பலாம், தமது பொதுப் பட்டியலொன்றில் சேர்த்தும் வைக்கலாம். விளம்பரத்துக்கு முன்னோட்டம் காட்ட இது போதும். பணம் வாங்கி நடத்தும் வகுப்புக்குப் போதாது.

டிரைவில் இன்னோர் அறிகுறியும் உண்டு: காலையில் எல்லாருக்கும் ஓடிய காணொளி, மாலையில் எவருக்கும் ஓடாமல், அதிகம் பேர் பார்த்துவிட்டதாக ஓர் அறிவிப்பு வரும். இது அனுமதிப் பிழை அன்று. ஒரு கோப்பைக் குறுகிய நேரத்தில் பலர் பார்த்தால் கூகுள் அதை 24 மணித்தியாலம் வரை நிறுத்திவைக்கக்கூடும். இருநூறு மாணவர் பார்க்கும் க.பொ.த. உயர்தர வகுப்பை டிரைவில் வைப்பது அதனால்தான் சரிவராது. அதற்கென உள்ள காணொளிச் சேவைக்கு மாறுவதைத் தவிர இதற்கு நிரந்தரத் தீர்வு கிடையாது.

இணைப்பு முன்பு ஓடியது, இப்போது ஓடவில்லை. அல்லது உரிய நேரத்துக்கு முன் செத்துவிட்டது

இது பெரும்பாலும் நேரப் பூட்டு. அமேசான் எஸ்3 போன்ற இணையக் கோப்புக் களஞ்சியங்களில் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, கையொப்பமிட்ட இணைப்பு ஒன்றை, அதாவது அனுமதிக் குறியும் ஆயுளும் உள்ளேயே எழுதப்பட்ட இணைப்பு ஒன்றை, தற்காலிகமாக வழங்குவது வழக்கம். அங்கே ஒரு கையொப்பமிட்ட இணைப்பின் உச்ச ஆயுள் ஏழு நாள். அதற்கு மேல் எத்தனை நாள் கேட்டாலும் கிடைக்காது. தற்காலிகச் சான்றுகளை (சிறிது நேரம் மட்டும் செல்லும் நுழைவுத் திறப்புகளை) கொண்டு கையொப்பமிட்டிருந்தால், அந்தச் சான்றுகள் காலாவதியாகும்போதே இணைப்பும் காலாவதியாகிவிடும். ஏழு நாள் கேட்டு உருவாக்கிய இணைப்பு சில மணித்தியாலத்தில் செத்துப்போவதற்குக் காரணம் இதுதான். ஒரு மாதத்துக்குப் பார்க்க வேண்டிய காணொளிக்கு நீண்ட இணைப்பைத் தேடி அலையாமல், வாடிக்கையாளர் உங்கள் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் புதிய குறுகிய இணைப்பு உருவாகும்படி அமையுங்கள்.

இணைப்பையே வாசித்துப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். எஸ்3 இணைப்பின் வாலில், கையொப்பமிட்ட நாளும் நேரமும் எண்களாக ஓடி ‘இசட்’ எழுத்தில் முடியும்; அதன் அருகே ஆயுள் செக்கன்களில் இருக்கும். 3600 என்றால் ஒரு மணித்தியாலம், 86400 என்றால் ஒரு நாள், 604800 என்றால் ஏழு நாள். களஞ்சியத்திலிருந்து கோப்பைப் பார்வையாளருக்குக் கொண்டுசேர்க்கும் அமேசானின் க்ளவுட்ஃப்ரன்ட் சேவையின் இணைப்பில் பத்து இலக்க எண் ஒன்று இருந்தால், அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட செக்கன்; மாற்றிக் காட்டும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன.

உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் அந்த ‘இசட்’ எழுத்து எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. கல்முனைப் பக்கத்தில் ஒரு கல்வி நிலையத்துக்காக, மாலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடவேண்டிய பாடம் ஒன்றை நான் அமைத்துக் கொடுத்தேன். எங்கள் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது; நானோ 18:00, 20:00 என்று எங்கள் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். பாடம் திறந்தது இரவு 11.30இற்கு, மூடியது அதிகாலை 1.30இற்கு. ஆறு மணிக்குப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அன்று வகுப்பு இல்லாமல் போனது என் பிழையால்தான். அன்றிலிருந்து நேரம் எழுதும் ஒவ்வோர் இடத்திலும் ஐந்தரையைக் கழித்தேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். பிழை ஐந்தரை மணித்தியாலமாகவே இருந்தால் வேறு காரணம் தேடத் தேவையில்லை. சேர்வரின் கடிகாரமே பிசகியிருப்பதும் உண்டு. 15 நிமிடத்துக்கு மேல் விலகினால், நேரடியாகக் கையொப்பமிட்டு வரும் கோரிக்கைகளை எஸ்3 ஏற்காது; ஆகவே தானாக நேரத்தைச் சரிசெய்யும் சேவை சேர்வரில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே தடவை மட்டும் திறக்கும் இணைப்பை அனுப்பி, பெற்றவர் தாம் திறக்கவே இல்லை என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டியதும், அதன் படமும் தலைப்பும் கொண்ட சிறு முன்னோட்டத்தை எடுப்பதற்காக உங்கள் தொலைபேசியே அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்துவிடுகிறது. நிறுவன மின்னஞ்சல்களில் தீங்கான இணைப்பைச் சோதிக்கும் பாதுகாப்புச் சேவைகளும் இதையே செய்கின்றன. அந்த ஒரு தடவை அதில் செலவாகிவிடும். இணைப்பு நேரே காணொளிக்குப் போகாமல், “பார்க்கத் தொடங்குக” என்ற பொத்தான் உள்ள பக்கத்துக்குப் போகட்டும். பொத்தானை அழுத்தினால் மட்டும் தடவை கணக்கிடப்படட்டும்.

நேரமும் சரி, தடவையும் சரி என்றால், இணைப்பு வழியில் சிதைந்திருக்கும். கையொப்பம் பொருந்தவில்லை என்ற செய்தி அதையே சொல்கிறது. நீண்ட இணைப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்பினாலோ, ஆவணமொன்றில் ஒட்டி மீண்டும் எடுத்தாலோ ஓரிரு எழுத்துகள் உதிரலாம் அல்லது மாறலாம். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. அதற்காகப் பொதுவான இணைப்புச் சுருக்கிகளை நாடினால், உங்கள் பூட்டுக்கான திறப்பை வேறொருவர் வீட்டு வாசலில் வைத்தது போலாகும். உங்கள் சொந்த டொமைனில் ஒரு குறுகிய பக்கத்தை வைத்து, அங்கிருந்து செலுத்துங்கள்.

கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்ற முறைப்பாட்டில், சொல் பிழையாக இருப்பது குறைவு. தொலைபேசி முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடுகிறது. அல்லது வட்ஸ்அப்பிலிருந்து நகலெடுக்கும்போது பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்கிறது. கடவுச்சொல்லை இணைப்பு உள்ள அதே செய்தியில் அனுப்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காணொளியின் நீளம் தெரிகிறது, ஆனால் படம் வரவில்லை

வட்டம் சுழல்கிறது, கீழே 45 நிமிடம் என்று காட்டுகிறது, ஒரு செக்கனும் ஓடவில்லை. இந்த அறிகுறி மிகவும் பயனுள்ளது, ஏனெனில் இது பிழையின் இடத்தை ஏறக்குறைய விரலால் சுட்டிவிடுகிறது. எச்எல்எஸ் முறையில் காணொளி ஒரே கோப்பாக இருப்பதில்லை. துண்டுகளின் வரிசையைச் சொல்லும் பட்டியல் கோப்பு ஒன்றும், ஆறு செக்கன் அளவிலான துண்டுக் கோப்புகள் நூற்றுக்கணக்கிலும் இருக்கும். 45 நிமிடப் பாடத்துக்கு ஏறத்தாழ 450 துண்டுகள். நீளம் தெரிந்தது என்றால் பட்டியல் வந்துவிட்டது. படம் வரவில்லை என்றால் துண்டுகள் மறுக்கப்படுகின்றன.

காரணம் பெரும்பாலும் இதுதான்: பட்டியல் கோப்புக்கு மட்டும் கையொப்பமிட்டிருப்பார்கள், துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனியே அனுமதி வேண்டும் என்பதை மறந்திருப்பார்கள். கணினியில் க்ரோமைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியில் பாருங்கள். பட்டியலுக்கு நேரே 200 (கிடைத்தது), அதன் கீழ்த் துண்டுகளுக்கு நேரே வரிசையாகச் சிவப்பில் 403 (மறுக்கப்பட்டது) என்று இருந்தால் ஐயமே இல்லை. 450 துண்டுகளுக்கும் தனித்தனி இணைப்புக் கட்டுவதைவிட, அந்தக் காணொளியின் கோப்புறை முழுவதற்கும் செல்லும் கையொப்பமிட்ட குக்கியை (உலாவியில் சேமிக்கப்படும் சிறு அனுமதிக் குறிப்பை) வழங்குவதே க்ளவுட்ஃப்ரன்ட் போன்ற சேவைகளில் வசதியான வழி.

துண்டுகள் 200 என்று காட்டியும் படம் வரவில்லை, ‘கோர்ஸ்’ என்ற சொல்லோடு சிவப்பு வாசகம் வருகிறது என்றால், காணொளி வேறொரு டொமைனிலிருந்து வருகிறது. உங்கள் இணையத்தளம் அதை வாசிக்கலாம் என்று அந்தச் சேர்வர் சொல்லவில்லை. ஐபோனில் ஓடுகிறது, கணினியில் ஓடவில்லை என்ற முறைப்பாட்டின் பின்னால் பல தடவை இதைக் கண்டிருக்கிறேன். சஃபாரி எச்எல்எஸ்ஸைத் தானே ஓட்டுவதால் இந்தச் சோதனைக்கு உட்படாது. கணினி உலாவியிலோ நிரல் ஒன்று துண்டுகளை எடுத்துவந்து ஊட்டுகிறது. அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா டொமைனுக்கும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். குக்கியோடு வரும் கோரிக்கைகளுக்கு நட்சத்திரக் குறி எப்படியும் செல்லாது. உங்கள் டொமைன் பெயரை முழுமையாக எழுதவேண்டும்.

முதல் பத்து நிமிடம் ஓடி, பிறகு நின்றால், இணைப்பின் ஆயுளையும் காணொளியின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். பத்து நிமிட ஆயுள் கொடுத்த குக்கியைக் கொண்டு 45 நிமிடப் பாடத்தைப் பார்க்க முடியாது. இடையில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வருபவரையும் கணக்கில் எடுத்து, காணொளியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நேரம் கொடுப்பது எனது வழக்கம். ஒரே கோப்பாக உள்ள எம்பி4 காணொளியில் இது சற்று வேறாகத் தெரியும்: ஆயுள் முடியுமுன் தொடங்கிய தரவிறக்கம் தொடர்ந்து ஓடும், ஆனால் மின்சாரமோ டேட்டாவோ ஒருகணம் அறுந்து மீண்டும் இணையும்போது மறுக்கப்படும்.

இன்னொரு பூட்டும் இங்கே தொல்லை தரும். பார்ப்பவரின் ஐபி முகவரியோடு இணைப்பைக் கட்டிவிட்டால் பாதுகாப்பு கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவருடைய முகவரியும் நிலையாக இருப்பதில்லை. காத்தான்குடியில் கடை வைஃபையில் பார்க்கத் தொடங்கி, கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது டேட்டாவுக்கு மாறியவருக்குக் காணொளி நின்றுவிடும். அலுவலகத்துக்குள் மட்டும் பார்க்கும் காணொளிக்கு அன்றி வேறெதற்கும் இந்தப் பூட்டை நான் போடுவதில்லை.

ஐபோனில் மட்டும் ஓடவில்லை

இரண்டு காரணங்களை முதலில் சோதியுங்கள். உங்கள் சொந்தச் சேர்வரில், உள்நுழைவைச் சரிபார்த்த பின் கோப்பை அனுப்பும் சிறிய நிரல் ஒன்றை எழுதி வைத்திருந்தால், அது கோப்பின் பகுதியைக் கேட்டால் பகுதியைக் கொடுக்கிறதா என்று பாருங்கள். சஃபாரி காணொளியைத் தொடங்குமுன் முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் கேட்டுப் பார்க்கும். 206 (பகுதி மட்டும்) என்ற விடையுடன் அந்தப் பகுதி வந்தால்தான் தொடர்ந்து கேட்கும். 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் தள்ளினால் ஓட்டாமல் விட்டுவிடும். க்ரோம் இதைப் பொறுத்துக்கொள்வதால், அன்ட்ராய்ட் வைத்திருப்பவர் எவரும் முறையிட மாட்டார்கள். அவர்களுக்கும் நடுவே தாவிப் பார்க்க முடியாமல் இருப்பது மட்டுமே தெரியும்.

மற்றது குக்கி. 2020 மார்ச் முதல் சஃபாரி பிற தளங்களின் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. உங்கள் இணையத்தளம் ஒரு டொமைனிலும், காணொளி சேவை நிறுவனத்தின் டொமைனிலும் இருந்தால், நீங்கள் கொடுத்த கையொப்பமிட்ட குக்கி ஐபோனில் போய்ச்சேராது. காணொளியை உங்கள் டொமைனின் கிளைப் பெயரொன்றின் கீழ் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளரிடம் தமது தொலைபேசியின் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தும்படி சொல்வது முறையன்று.

பதித்த பக்கத்தில் மட்டும் ஓடவில்லை

தனியுரிமை அமைப்புக் காரணமாக இங்கே ஓட்ட முடியாது என்று விமியோ போன்ற சேவைகள் சொன்னால், அது இடப் பூட்டு. எந்தத் தளத்திலிருந்து கோரிக்கை வருகிறது என்பதை உலாவி அனுப்பும் ‘ரெஃபரர்’ குறிப்பைக் கொண்டே சேவை அறிகிறது. அனுமதித்த பட்டியலில் டொமைன் பெயர் சரியாக உள்ளதா என்று பாருங்கள். மூன்று டபிள்யூ உள்ள பெயரையும் இல்லாத பெயரையும் சேருங்கள். பட்டியல் சரியென்றால், உங்கள் தளமே அந்தக் குறிப்பை மறைக்கிறது: வேர்ட்பிரஸில் சில பாதுகாப்புச் செருகுநிரல்கள், பிற தளங்களுக்கு எக்குறிப்பும் அனுப்பாதபடி கொள்கையை இறுக்கிவிடுகின்றன. தளத்தின் பெயரை மட்டும் அனுப்பும் நடுத்தரக் கொள்கைக்கு மாற்றினால் போதும். பக்கத்தின் முழு முகவரியை வெளிவிடத் தேவையில்லை. கைத்தொலைபேசிச் செயலிக்குள் பதித்தபோதும் இக்குறிப்பு பெரும்பாலும் இருக்காது. செயலிக்கு இடப் பூட்டைப் பாவிக்காமல் ஆள் பூட்டைப் பாவியுங்கள்.

சத்தம் மட்டும் வருகிறது

ஐபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தால் அது எச்இவிசி என்ற காணொளிச் சுருக்க முறையில் இருக்கக்கூடும். அதை வாசிக்க முடியாத கணினிகளில் சத்தம் வரும், படம் கறுப்பாகும். எச்.264 முறைக்கு மாற்றி மீண்டும் ஏற்றுங்கள். டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) போட்ட காணொளியை சூமில் திரைப் பகிர்வு செய்யும்போது கறுப்பாக வந்தால், அது பிழையன்று. பூட்டு தன் வேலையைச் செய்கிறது.

இங்கே ஓடுகிறது, கனடாவில் ஓடவில்லை

கலியாண ஸ்டூடியோக்களின் முறைப்பாடு இது. வெளிநாட்டு உறவினருக்காக யூடியூபில் பட்டியலிடாமல் ஏற்றிய காணொளியில் சினிமாப் பாட்டு இருந்தால், பதிப்புரிமைச் சோதனை அதையும் கண்டுபிடிக்கும். காணொளி மறைத்து வைக்கப்பட்டிருப்பது அந்தச் சோதனைக்குத் தடையன்று. உரிமையாளர் சில நாடுகளில் மட்டும் தடுக்கும்படி கேட்டிருந்தால், அந்த நாட்டிலுள்ள அத்தைக்கு மட்டும் திறக்காது. யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தின் பதிப்புரிமை அறிவிப்புப் பகுதியில் நாடுகளின் பெயர் இருக்கும். பாட்டை மாற்றுங்கள்.

நின்று நின்று ஓடுகிறது

பாதுகாப்போடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும் சொல்லவேண்டும், ஏனெனில் இதைச் சகிக்காத வாடிக்கையாளர்தான் “ஃபைலையே அனுப்பி விடுங்க” என்று கேட்பார். அனுப்பினால் எல்லாப் பூட்டும் வீண். 45 நிமிடப் பாடம் செக்கனுக்கு 5 மெகாபிட் வீதம் ஓடினால் ஏறத்தாழ 1.7 ஜிபி டேட்டா தின்னும்; 1 மெகாபிட் வீதத்தில் 340 எம்பி அளவில் முடியும். கரும்பலகையும் ஆசிரியரின் குரலும் உள்ள பாடத்துக்கு இரண்டாவது போதும். பல தரங்களில் துண்டாக்கி வைத்து, இணைய வேகத்துக்கு ஏற்றதைக் காணொளி ஓட்டி (பிளேயர்) தானே தெரிவு செய்யும்படி விடுங்கள்.

பார்க்கக்கூடாதவர் பார்த்துவிட்டார்

இந்த அறிகுறி கடைசியில் வந்தாலும், மேலே சொன்ன அத்தனையும் இதற்காகத்தான். முதலில் பதற்றத்தில் காணொளியை அழித்துவிடாதீர்கள். எந்த இணைப்பு வெளியே போனது என்பதைப் பெற்றுக்கொண்டு, அதை உள்நுழையாத சாளரத்தில் திறந்து பாருங்கள். திறந்தால், பூட்டு இல்லாத வாசல் எங்கோ இருக்கிறது.

நான் அதிகம் கண்ட வாசல், பின்வாசல். முன்னால் க்ளவுட்ஃப்ரன்ட் கையொப்பம் கேட்கும். பின்னால் காணொளி கிடக்கும் எஸ்3 பக்கெட் (கோப்புகளை வைக்கும் பெட்டகம்) எல்லாருக்கும் திறந்து கிடக்கும். சோதனை செய்த நாளில் யாரோ “ஓடவில்லை” என்று சொல்லப் பக்கெட்டைத் திறந்திருப்பார்கள். பிறகு மூட மறந்திருப்பார்கள். 2023 ஏப்ரல் முதல் உருவாக்கப்படும் புதிய பக்கெட்டுகளில் பொது அனுமதி இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தியவற்றை நீங்களே பார்க்கவேண்டும். பொது அனுமதித் தடையைப் போட்டு, க்ளவுட்ஃப்ரன்ட் மட்டும் பக்கெட்டை வாசிக்கலாம் என்ற விதியை எழுதுங்கள். பின்னர் பக்கெட்டின் நேரடி முகவரியை உலாவியில் அடித்துப் பாருங்கள், 403 வரவேண்டும்.

கூகுள் தேடலில் பக்கம் வந்துவிட்டதென்றால், ரோபோட்ஸ் கோப்பில் தடை எழுதியது போதாது. அது தேடுபொறிக்கு விடுக்கும் வேண்டுகோள்தானே தவிர பூட்டன்று. மேலும், அங்கே தடுத்துவிட்டால் பக்கத்தில் எழுதிய ‘நோஇன்டெக்ஸ்’ (தேடலில் காட்டாதே) குறிப்பைத் தேடுபொறி வாசிக்கவே முடியாது. பக்கத்துக்கு உள்நுழைவு போடுங்கள். பிறகு நீக்கல் கோரிக்கை அனுப்புங்கள்.

இணைப்பெல்லாம் சரியாகப் பூட்டியிருந்தும் காணொளி வட்ஸ்அப் குழுக்களில் உலவுகிறது என்றால், உரிமை உள்ள ஒருவரே பதிவு செய்து கொடுத்திருக்கிறார். டிஆர்எம் பல கைத்தொலைபேசிகளில் திரைப்பதிவைக் கறுப்பாக்கும். ஆனால் திரைக்கு முன் இன்னொரு தொலைபேசியைப் பிடித்தால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே கல்வி நிலையங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நீர்க்குறி: உள்நுழைந்த மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் மங்கலான எழுத்தில், திரையில் இடம் மாறி மாறி வரவேண்டும். ஒரே மூலையில் நின்றால் வெட்டிவிடுவார்கள். முழுத் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள். களவு எடுத்த பிள்ளையின் எண்ணும் ஊர் முழுக்கப் பரவக்கூடாது. ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் பார்ப்பதை நிறுத்துவதும் கடவுச்சொல் பகிர்வைக் குறைக்கும்.

காணொளியில் பிள்ளைகளின் முகமோ, பணியாளர்களின் முகமோ, நோயாளியின் முகமோ இருந்தால், இது வியாபார இழப்போடு நின்றுவிடாது. ஆளை இனங்காணக்கூடிய ஒளிப்பதிவும் தனிப்பட்ட தரவுதான். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையும் தழுவுகிறது. யாருடைய முகம் வெளியே போனதோ அவருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். ஊரார் வாயால் அவர் அறிவது பெரிய கொடுமை.

நீக்கிய பிறகும் ஓடுகிறது

டிரைவில் ஒருவரைக் கோப்பிலிருந்து நீக்கியிருப்பீர்கள். ஆனால் அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையில் அவருக்கு இன்னும் அனுமதி இருக்கும். கோப்புறையின் பட்டியலையும் பாருங்கள். கையொப்பமிட்ட இணைப்பைத் தனியே திரும்பப் பெற முடியாது. அதன் ஆயுள் முடியும்வரை காத்திருக்கவேண்டும், அல்லது கையொப்பமிடும் திறப்பையே மாற்றவேண்டும். திறப்பை மாற்றினால் நல்லவர்களின் இணைப்பும் செத்துவிடும் என்பதால், மாற்றிய கையோடு அவர்களுக்குப் புதியதை அனுப்புங்கள்.

மூலக் கோப்பை அழித்தும் ஓடினால், பார்வையாளருக்கு அருகிலுள்ள சேர்வர்களில் பிரதி தங்கியிருக்கிறது. க்ளவுட்ஃப்ரன்டில் வேறு விதி எழுதாவிட்டால் அது 24 மணித்தியாலம் வரை இருக்கலாம். பிரதிகளைச் செல்லாததாக்கும் கட்டளையைக் கொடுத்து, பட்டியல் கோப்பை மட்டுமன்றித் துண்டுகள் உள்ள கோப்புறை முழுவதையும் அதில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் பழைய இணைப்பை எடுத்து, உங்கள் வைஃபையில் அல்லாமல் மொபைல் டேட்டாவில், உள்நுழையாத சாளரத்தில் ஒருமுறை அன்றும், மறுநாள் இன்னொரு முறையும் திறந்து பாருங்கள்.